ஸ்பெயின்காரருக்கு இரண்டு குடும்பப் பெயர்

முகவரி அடிக்கிற வேலையில் நூறு சரியாக அடித்தால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ஒன்று பிழைத்தால் பொதி திரும்பி வந்து எங்கள் மேசையில்தான் குந்தும். படிவத்தில் முதற்பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று தெரியாமல் பேனையும் கையுமாக விழித்த உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. நானும் கணவரும் சுவிசில் ஊஸ்டர் என்ற ஊரில் ஒரு அறையில் இருந்தோம். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. யாழ்ப்பாணத்தில் பழகிய தட்டச்சு, ஓர்லிகோனில் தையல் மெஷின் உதிரிப்பாகங்கள் விற்கும் ஒரு கொம்பனியில் எனக்கு வேலை எடுத்துத் தந்தது. ஸ்பெயினில் இருந்து வரும் கடிதங்களைப் பார்த்து பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் மூன்றையும் கொம்பியூட்டரில் ஏற்ற வேண்டும். எனக்கு மேலே அதிகாரியாக ஹெர் (திரு) விட்மர். கீழே பொதி கட்டும் பகுதியில் பிலார் என்ற ஸ்பானியப் பெண். எங்கள் இருவருக்கும் தெரிந்தது அரைகுறை ஜெர்மன். சண்டை பிடிக்கவும் சிரிக்கவும் அது காணும்.

கலியாணமும் பெயரும்

ஸ்பானியருக்கு இரண்டு குடும்பப் பெயர். முதலாவது தகப்பன் வழி, இரண்டாவது தாய் வழி. எனக்கு முன்பிருந்தவர் கடைசிச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டார். ஆயிரக்கணக்கான ஆட்கள் தாய்வழிப் பெயரில் மட்டும் கிடந்தார்கள். நான் ஒவ்வொன்றாக இரண்டு பெயரையும் திரும்பப் போடத் தொடங்கினேன்.

ஒருநாள் விட்மர் ஒரு வாடிக்கையாளர் அட்டையோடு வந்தார். ஒரே வீட்டில் புருஷனும் பெண்சாதியும், ஆனால் பெயர்கள் வேறு வேறு. "இவர்கள் கலியாணம் முடித்தவர்கள்தானே? மனைவிக்குக் கணவரின் பெயரைப் போடுங்கள்" என்றார். போடமாட்டேன் என்றேன். "உங்கள் வதிவிட அனுமதி எப்படிப்பட்டதென்று மறந்துவிட்டீர்களோ?" என்று கேட்டார். அட்டையில் ஒரு எழுத்தையும் நான் மாற்றவில்லை. பொதி எடுக்க வந்த பிலார் முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றவள், அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்:

"எனக்கும் கலியாணம் முடிஞ்சு பதினொரு வருசம். புருஷனைத்தான் எடுத்தனான், அவரின்ர பெயரை இல்லை."

ஒன்பதை விடுங்கோ

மட்ரிட்டில் ஒரு மொத்த வியாபாரிக்கு விட்மர் காலையில் இருந்து தொலைபேசி எடுக்கிறார், போகவில்லை. பிழை என்னுடையது என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். நான் கடிதத்தையும் அட்டையையும் பக்கத்துப் பக்கமாக அவர் மேசையில் வைத்தேன். ஒரு இலக்கமும் மாறவில்லை. பிறகுதான் பிடிபட்டது. அந்த இலக்கத்தின் முன்னால் இருக்கும் ஒன்பது, ஸ்பெயினுக்குள் இருந்து எடுப்பவர்களுக்கு. வெளியில் இருந்து எடுத்தால் அதை விடவேண்டும். யாழ்ப்பாணத்துக்கு எடுக்கும்போது முதல் சுழியத்தை விடுகிற எங்களுக்கு இது பெரிய வித்தையில்லை.

"நான் அடிச்சது சரி. நீங்கள் சுழற்றினதுதான் பிழை" என்று சொல்லி, அவர் பார்க்க நானே சுழற்றினேன். மணி அடித்தது. பிலாரைக் கூப்பிட்டுக் கதைக்கவிட்டோம். காலையில் இருந்து அழைப்புக்குக் காத்திருந்த வியாபாரி கத்தியது எங்களுக்கே கேட்டது. என்ன சொல்கிறார் என்று விட்மர் கேட்க, பிலார் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தாள்:

"சுவிசுக்கு இண்டைக்குத்தானோ தொலைபேசி வந்தது?"

பாறை

ஸ்பானிய மொழியில் 'ன்' எழுத்துக்கு மேலே ஒரு சின்ன நெளிகோடு வரும். கோடு வந்தால் 'ஞ்' மாதிரி ஒலிக்கும். எங்கள் அச்சியந்திரத்தில் அது இல்லை. 'பேஞ்ஞா' என்ற குடும்பத்துப் பெண்மணி ஒருவர், பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைப்பவர், ஒரு மெஷின் பாகத்துக்கு எழுதியிருந்தார். லேபலில் அவர் 'பேனா' ஆகிப் போனார். பொதியை உடைக்காமலே, இது என் பெயரில்லை என்று மேலே எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். மெஷின் ஓடாமல் நிற்கிறது, அப்படியிருந்தும் வேண்டாமாம்!

எனக்கு அந்த மனுசியைப் பிடித்துவிட்டது. கறுப்புப் பேனையால் கோட்டைப் போட்டு அன்றைக்கே திரும்ப அனுப்பினேன். அதற்குப் பிறகு கோடு வேண்டிய ஒவ்வொரு லேபலுக்கும் போட்டேன். நேரம் வீணாகிறது என்று விட்மர் தடுத்தார். மதிய இடைவேளையில் பாண் துண்டைக் கடித்துக்கொண்டு போட்டேன். என் சொந்த நேரத்தில் என்ன செய்தால் அவருக்கென்ன? ஒரு மாதத்தில் அந்த மனுசியின் கடிதம் வந்தது. பிலார் வாசித்தாள்:

"கோடு இருந்தால் என் பெயர் பாறை, இல்லாவிட்டால் துக்கம், நான் பாறை என்று அங்கே யாருக்கோ தெரிந்திருக்கிறது."

இலக்கமில்லாத வீடு

சில கிராமத்து முகவரிகளில் வீட்டு இலக்கம் இராது. 'இலக்கம் இல்லை' என்பதற்கு இரண்டு எழுத்தைப் போட்டிருப்பார்கள். கொம்பியூட்டரோ இலக்கம் தராமல் அடுத்த கட்டத்துக்கு விடாது. "ஒன்று என்று போடுங்கள்" என்றார் விட்மர். இல்லாத இலக்கத்தை என் கையால் எழுதமாட்டேன் என்று, அந்த இரண்டு எழுத்தையும் தெருப் பெயரோடு சேர்த்து அடித்து, இலக்கத்துக்குச் சுழியம் போட்டேன். பொதிகள் ஒழுங்காய்ப் போய்ச் சேர்ந்தன. பிலாருக்கு அது புதினமில்லை:

"எங்கட ஊர்த் தபால்காரனுக்கு இலக்கம் தெரியாது, ஆக்களைத் தெரியும்."

மேசைப் பலகை

இனி என் கதை. என் கணவரின் தகப்பன் பெயர் செல்லையா. அகதி விண்ணப்பத்தைப் பதிவு செய்த அலுவலர் அதையே எங்கள் இருவருக்கும் குடும்பப் பெயராக எழுதிவிட்டார். கொம்பனியில் நான் 'ஃப்ராவ் செல்லையா', திருமதி செல்லையா. கூப்பிட்டால் மாமனார்தான் பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பேன். மாற்றச் சொல்லி இரண்டு தரம் எழுதிக் கொடுத்தேன். அனுமதி அட்டையில் அப்படித்தான் இருக்கிறது, முடியாது என்றார்கள்.

மேசையில் இருந்த பெயர்ப் பலகையாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று என் பெயரை 'சிவமலர்' என்று அடித்து ஒட்டினேன். விட்மர் உரித்தார். திரும்ப ஒட்டினேன். மூன்று தரம் உரித்தார். நாலாம் தரம் நகத்தால் சுரண்டிப் பார்த்தார், அசையவில்லை. நான் எழும்பி நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். அவர் நகத்தைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"நல்ல பசையாகத்தான் வாங்கியிருக்கிறீர்கள், ஃப்ராவ் சிவமலர்."

நான் அங்கே இருந்த மட்டும் சம்பளச் சீட்டு மாமனார் பெயரில்தான் வந்தது. பாவம், அந்த மனுசன் ஒரு லேபல்கூட ஒட்டியதில்லை.