வல்லிநாயகத்தின் நாக்கு

வல்லிநாயகம் என்னைவிட ஒரு வயது இளையவன். குற்றாலத்து ரிசார்ட்டில் நான் சேர்ந்து எட்டு மாதம் கழித்துச் சேர்ந்தான். ஊர் மேலகரம். அதற்கு முன் ஆறு சீசன் அருவிக்குப் போகும் வழியில் ஒரு பழக்கடையில் நின்றவன். மங்குஸ்தானைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்து, இது இன்றைக்கு, இது நாளைக்கு என்று பிரித்து வைப்பானாம். இப்போது பாரில் பரிமாறுகிறான். நானும்தான்.

எங்களில் ஒருவரை பார் கேப்டன் ஆக்கப்போவதாக மேனேஜர் செல்லப்பா அண்ணாச்சி சொல்லியிருந்தார். அவர் பல வருடம் கப்பலில் வேலை பார்த்தவர். சிசிலித் தீவிலிருந்து லேசான சிவப்பு வைன் ஒன்று புதிதாக வந்திருந்தது. ஆளுக்கொரு பாட்டில் திறந்து அவருக்கு ஊற்ற வேண்டும். எப்படி இருக்கிறது என்று நம் வாயால் சொல்ல வேண்டும்.

நான்கு நாள் புத்தகமும் கையுமாக இருந்தேன். எனக்கு அந்த வேலை வேண்டும். அதைவிட, அவனுக்குக் கிடைக்கக் கூடாது.

அண்ணாச்சிக்கு ஊற்ற வேண்டிய நாள் காலையில் அவன் தன் பாட்டிலை ஐஸ் வாளியில் இறக்குவதைப் பார்த்தேன். சிவப்பு வைனை அறை வெப்பத்தில்தான் கொடுக்க வேண்டும். புத்தகத்தில் அந்த வரியை அடிக்கோடிட்டிருந்தேன். அவனிடம் சொல்லியிருக்கலாம். தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஜூனில் சாரல் தள்ளிப்போயிருந்தது. மத்தியானம் கரண்டும் இல்லை. அண்ணாச்சி என் கிளாஸை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"என்னலே இது, கசாயம் மாதிரி சுடுது?"

"ரூம் டெம்பரேச்சர்னு போட்டிருக்கு, அண்ணாச்சி."

"எந்த ஊரு ரூம்லே? நம்ம தென்காசி ரூமா?"

அடுத்து வல்லிநாயகம் ஊற்றினான். கிளாஸின் வெளிப்புறம் வேர்த்தது. அண்ணாச்சி இரண்டாவது வாய் குடித்தார், மூன்றாவதும்.

"ஐஸுல வைக்கணும்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல, அண்ணாச்சி. நேத்து நீங்க ருசி பாக்கத் தந்த சொட்டுல பழவாசன இருந்துச்சு. வெயில்ல வச்சா பழம் அவிஞ்சு போகும்லா?"

"என்ன பழம்?"

"செவப்பாத்தான் இருக்கு, ஆனா கனமில்ல. சீசனுக்கு முந்தி வார நாவப்பழம் மாதிரி, இன்னும் முழுசா கருக்காதது. கடைசில மங்குஸ்தான் தோலைக் கடிச்சாப்ல லேசா ஒரு துவர்ப்பு."

அண்ணாச்சி சிரித்தார். நாளையிலிருந்து நீதான் கேப்டன் என்று அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார். நான்கு நாள் படித்த எனக்கு அதில் ஒரு சொல்கூட வந்திருக்காது.

மிச்சத்தை வல்லிநாயகம் எனக்கு ஊற்றிக் கொடுத்தான்.

"குடிச்சுப் பாருலே. நீதான வாசிச்சவன். நான் சொன்னது சரிதானா?"

குடித்தேன். குளிர்ச்சியாக இறங்கியது. நாவல், அதன் பின்னால் அந்தத் துவர்ப்பு; அவன் சொன்ன வரிசையிலேயே வந்தது.

"நாவப்பழம்லாம் ஒண்ணும் தெரியல. சுமார்தான்" என்றேன்.

அவன் முகம் சுருங்கியது. கிளாஸை வாங்கி மோந்தான். ஒரு வாய் குடித்தான், மறுபடியும் மோந்தான்.

"அப்ப அண்ணாச்சி சும்மா சிரிச்சாராலே?"

அவன் மூன்றாம் தடவை மோந்து பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு இனித்தது அது ஒன்றுதான்.