நாலு போக மீதி எட்டு

என் அக்கா வீட்டுக்காரரை அவர் வேலை பார்க்கும் கடிகாரக் கம்பெனியில் ரோமாபுரி என்றுதான் கூப்பிடுவார்கள். மேஸ்திரியிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் அதே பெயர்தான். அவருக்கும் அதில் ஒரு பெருமை. "மத்த பேரெல்லாம் ஊருக்கு ஆயிரம் பேருக்கு இருக்கும். ரோமாபுரின்னா நான் ஒருத்தன்தான்" என்பார். எனக்கு அவர் மாமா. அவரைப் பற்றிச் சொல்லலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அழுகை அதற்கப்புறம்தான்.

சுவர்க் கடிகாரத்தின் முகத்தில் எண் ஒட்டுவது அவர் வேலை. சாதாரண எண் போட்ட கடிகாரம் என்றால் மெஷினே அச்சடித்துத் தள்ளிவிடும். பாங்குக்கும் ஹோட்டலுக்கும் போகிற பெரிய கடிகாரங்களில் ரோமன் எண்கள் இருக்கும். அவற்றை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் ஒட்ட வேண்டும். நீளமான அறை, தலைக்கு மேலே டியூப் லைட், மேஜை மேல் தட்டு மாதிரி வெள்ளை வட்டம், ஒரு டப்பாவில் கறுப்புத் துண்டுகள், ஒரு சின்ன இடுக்கி, ஊசி மூக்கு வைத்த கோந்துப் புட்டி. அவ்வளவுதான் அவருடைய உலகம்.

பார்க்கச் சுலபமாகத் தெரியும், ஆனால் பொல்லாத வேலை. அந்த எண்களெல்லாம் வட்டத்தின் நடுவைப் பார்த்துக் காலை நீட்டிக்கொண்டு நிற்பவை. ஆகவே கீழ்ப்பக்கம் இருப்பதெல்லாம் தலைகீழ். போதாக்குறைக்கு ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் ஒரே துண்டு. திருப்பி வைத்தால் அது இது, இது அது. புதிதாகச் சேருகிறவர்கள் ஒரே கடிகாரத்தில் இரண்டு ஒன்பது மணியை ஒட்டிவிட்டுத் திருதிருவென்று முழிப்பார்கள். மாமா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "பரவால்லப்பா, ரெண்டு தடவை லேட்டா வந்துக்கலாம்" என்பார். அவர் கையில் ஒரு எண்கூடத் தப்பியதில்லை. நாலை மட்டும் அந்தக் கம்பெனியில் நாலு குச்சியாகவே போடுவார்கள். ஏன் மாமா என்று கேட்டால், "எதிர்ல எட்டு குண்டா உக்காந்திருக்கான்ல, இந்தப் பக்கம் இவன் நோஞ்சானா இருந்தா கடிகாரம் சாஞ்சுடாதா?" என்று சிரிப்பார்.

பள்ளிக்கூடத்தில் அவர் ரோமன் எண்ணெல்லாம் படித்ததில்லை. கம்பெனியில் படித்ததுதான். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை தலைகீழ்ப் பாடம். அதற்கு மேல்? ஒன்றும் கிடையாது. எங்கள் தெருமுனையில் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. வாசலுக்கு மேலே கட்டிய வருஷத்தைக் கல்லில் நீளமாக ரோமன் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அதை மாமா அண்ணாந்து பார்த்துவிட்டு, "கட்டினவன் இனிஷியலா இருக்கும். தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லாரையும் சேத்துப் போட்டுட்டான் போல" என்றார். என் மகள் கடைசி வகுப்புக்குப் போனபோது அவள் புத்தக அட்டையில் ரோமன் எண்ணில் பன்னிரண்டைப் பார்த்துவிட்டு ஒரே குதூகலம். "பாத்தியா? கடிகாரமும் பன்னண்டு, படிப்பும் பன்னண்டு. ரோமாபுரிக்காரன் அதுக்கு மேல எண்ணவே இல்ல!" நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அக்காவுக்கும் அவருக்கும் குழந்தை இல்லை. அந்தக் குறையை வெளியே காட்டிக்கொண்டதும் இல்லை. அக்காவை அவர் மகாராணி என்பார். அக்கா அவரை, "போதும், வாயைப் பாரு" என்பாள். காலையில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு விசிலடித்தபடி அவர் படி இறங்குவதும், அவர் தெருமுனை திரும்பும் வரை அக்கா ஜன்னலில் நிற்பதும் கல்யாணமான நாளிலிருந்து மாறவில்லை. நான் கிண்டல் செய்தால், "உனக்கு வயித்தெரிச்சல்டி" என்பாள். உண்மைதான், எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

அப்புறம் அக்காவுக்கு வயிற்றில் வலி வந்தது. வாயு என்றாள், சூடு என்றாள், இழுத்துக்கொண்டே போனாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். டாக்டர் என்னையும் மாமாவையும் கட்டிலுக்குச் சற்றுத் தள்ளிக் கூப்பிட்டு, "நாலாவது ஸ்டேஜ்ல இருக்கு. ஆபரேஷன் பண்ற நிலைமை இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலி தெரியாம மருந்து தர்றேன்" என்றார். அவருக்கு இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள், போய்விட்டார். நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். எந்த மருந்துச் சீட்டோடு யார் வருகிறார்கள், எத்தனை மாதத்தில் வராமல் போகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவள்.

மாமா கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோயின் பெயருக்குப் பக்கத்தில் ரோமன் எண்ணில் நாலு. அவர் முகம் தெளிந்தது.

"நாலுதானேம்மா! நான் பயந்தே போயிட்டேன். நல்லவேளை, சீக்கிரமே கண்டுபிடிச்சிட்டாங்க. நாலு போக இன்னும் எட்டு இருக்கு."

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. அட்டையை விரலால் தட்டி, "நம்ம கம்பெனில நாலு குச்சி குடுப்பான். இங்க ஒரே குச்சியை 'வி' எழுத்துப் பக்கத்துல சாத்தி வச்சு முடிச்சிட்டாங்க பாரு, சிக்கனம்" என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தார். நான் வாயைத் திறந்தேன். அக்கா படுத்தபடியே என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அவர் வண்டி பிடிக்க வெளியே போனதும் சொன்னாள்.

"சொல்லாதடி."

"உனக்குப் பைத்தியமா? இது எத்தனை நாளைக்குத் தாங்கும்? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற கதையா இருக்கு."

"நான் இருக்கிற வரைக்கும் தாங்கினா போதும். நாளைக்குக் காலைல அவர் விசிலடிச்சுட்டுப் போகணும். அதுவும் நின்னுட்டா அந்த வீட்ல எனக்கு என்னடி இருக்கு?"

அவளுக்குத் தெரிந்திருந்தது. டாக்டர் எங்களைத் தள்ளிக் கூப்பிட்டதுமே தெரிந்துவிட்டது என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் மாமா போட்ட கணக்கு யாரும் எதிர்பாராதது. அவர் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை செய்தால், அதற்குப் பதிலாக வேறொரு நாள் லீவு எடுத்துக்கொள்ளலாம். மாமா ஞாயிற்றுக்கிழமையெல்லாம் வேலைக்குப் போக ஆரம்பித்தார். இருக்கிற லீவையும் தொடவில்லை. ஏன் மாமா இப்படி என்று கேட்டதற்கு, என்னவோ நான் விவரம் தெரியாதவள் மாதிரி பொறுமையாகச் சொன்னார்.

"எட்டு, ஒம்போதுன்னு போகும்போதுதான்மா ஆள் பக்கத்துலயே இருக்கணும். அப்ப போயி லீவு குடுன்னு யார்கிட்ட நிக்கறது? இப்பவே சேத்து வச்சுக்கறேன். கடைசில மொத்தமா எடுத்து உங்கக்கா பக்கத்துலயே உக்காந்துக்குவேன்."

அவள் இளைத்ததை அவர் பார்க்காமல் இல்லை. வளையல் முழங்கை வரை ஏறியது. கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அவர் பார்த்தார், பதறினார். "நாலுக்கே இப்படின்னா எட்டுக்கு எப்படித் தாங்குவா?" என்று இன்னும் விழுந்தடித்துக்கொண்டு வேலைக்கு ஓடினார். மாலையிலும் கூடுதல் வேலை. அவர் வருவதற்குள் அக்கா மருந்து மயக்கத்தில் தூங்கிப்போயிருப்பாள். காலையில் அவள் சரியாகக் கண் விழிப்பதற்குள் அவர் கிளம்பிவிடுவார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. டாக்டர் மேல், அந்த ஞாயிற்றுக்கிழமை மேல், விசில் மேல், என் அக்கா மேல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு வலி கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. தலை வாரிவிடச் சொன்னாள். நாற்காலியில் உட்காரவைக்கச் சொன்னாள். ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் அவர் வீட்ல இருந்திருக்கலாம்டி. பேசற அளவுக்குத் தெம்பு இருக்கு" என்றாள். உடனே, "நீ போயி அவர்கிட்ட ஏதாவது உளறி வைக்காத" என்றாள்.

நான் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு அவளோடு உட்காரவைத்தேன். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன்.

கம்பெனியில் பாதி விளக்குதான் எரிந்தது. மாமாவின் மேஜையில் ஒரு கடிகாரம் பாதியில் இருந்தது, இடுக்கியில் ஏழு. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்னம்மா, அக்காவுக்கு ஏதாவது…?"

"அக்கா இன்னிக்கு நல்லா இருக்கா மாமா. அதனாலதான் வந்தேன். வீட்டுக்கு வாங்க."

"அப்பாடா! பயமுறுத்திட்டியே." மறுபடி உட்கார்ந்தார். "நல்லா இருக்கான்னா நான் எதுக்குமா? இன்னிக்கு முடிச்சா ஒரு நாள் சேரும். நாலுலயே லீவைக் கரைச்சிட்டா அப்புறம்…"

"மாமா. அந்த நோய்க்கு நாலோட முடிஞ்சிடும்."

"எது முடிஞ்சிடும்?"

"எண்ணு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அவ்வளவுதான் மாமா."

என்னையே பார்த்தார். இடுக்கியில் இருந்த ஏழு கீழே விழுந்தது.

"அஞ்சு?"

"இல்ல."

"இல்லம்மா, நீ சரியா பாத்திருக்க மாட்ட. ஆறு…" என்று ஆரம்பித்தவர் அவராகவே நிறுத்திக்கொண்டார். "அஞ்சே இல்லன்னா ஆறு ஏது" என்றார் மெதுவாக. விழுந்த துண்டைக் குனிந்து எடுத்துக்கொண்டே, "அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சேவா என்னை வேலைக்கு அனுப்பினா?"

அந்த மனிதர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். மேஸ்திரி ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் மாமாவின் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து அவரே மாட்டிவிட்டு, "இருக்கிற லீவு மொத்தத்தையும் எடுத்துக்கோய்யா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

வழியெல்லாம் மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவள் கண்டுபிடிக்கக் கூடாதாம். தெருமுனைக் குழாயில் முகம் கழுவினார். விசிலடித்துப் பார்த்தார், வெறும் காற்றுதான் வந்தது.

அக்கா ஜன்னலிலிருந்தே பார்த்துவிட்டாள்.

"என்னங்க, இந்த நேரத்துல?"

"மெஷின் ரிப்பேர். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

இடுக்கியும் கோந்தும் வைத்து வேலை செய்கிறவருக்கு ஏது மெஷின்? அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். சுட்டெரிக்கிற பார்வை. நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவரிடம் திரும்பினாள்.

"எப்ப சரியாகுமாம்?"

மாமா அப்படியே அவள் காலடியில் உட்கார்ந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவள் அவர் தலையைத் தடவினாள்.

"சரி, சரி… அது சரியாகாமலே இருக்கட்டும்" என்றாள்.

அதன்பிறகு அவர் வாசலைத் தாண்டவில்லை. மருந்து கொடுத்தார், துணி துவைத்தார், கஞ்சியில் உப்பு அதிகம் என்று அவளிடம் திட்டு வாங்கினார். நான் போகும்போதெல்லாம் இரண்டு பேரும் ஏதாவது பேசிக்கொண்டே இருந்தார்கள், நான் உள்ளே நுழைந்தால் நிறுத்திவிடுவார்கள். புதுக் கல்யாண ஜோடி கெட்டது. அக்கா என்னோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் போர்வையைச் சரிசெய்தபோது, "உன் ஓட்டை வாயாலயும் ஒரு நல்லது நடக்கும்னு நான் நினைச்சதே இல்லடி" என்றாள். நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஒரு மத்தியான வேளையில் அக்கா போனாள். அவர் பஞ்சை நனைத்து அவள் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் போனது தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் நனைத்துக்கொண்டே இருந்தார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

எல்லாம் முடிந்த மறு வாரமே வேலைக்குக் கிளம்பிவிட்டார். தனியாக அனுப்ப மனசு வராமல் நானும் கூடப் போனேன். மேஸ்திரி அவரைக் கண்டதும் எழுந்து வந்து தோளில் கை வைத்தார்.

"என்னய்யா அவசரம்? சேத்து வச்ச லீவுல பாதிகூடத் தீரலையே. இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இருந்துட்டு வாயேன்."

மாமா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வீட்ல யாருங்க இருக்கா?" என்றார்.