பூவுக்குப் பதில் சாமை

மணிமொழி வாயைத் திறந்தால் கிளிகள் பறந்துவிடும். மனிதர்கள் மட்டும் எதற்காகக் கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்து கேட்கிறார்கள் என்பது அவளுக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தாண்டை ஒரு சரிவில் அவளுக்குக் கொல்லை. சாமை போடுவார்கள். கதிரில் பால் பிடித்த நாள் முதல் அறுப்பு வரைக்கும் யாராவது பரண் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், கிளிக்கூட்டம் இறங்கிக் கதிரை மொட்டையடித்துவிட்டுப் போய்விடும். மணிமொழி கல்லெல்லாம் எறிய மாட்டாள். கூவுவாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பும் அந்தக் குரல் எதிர்மேட்டில் முட்டி, பள்ளத்தில் இறங்கி, நிதானமாக அவளிடமே திரும்பி வரும். திரும்பி வந்த பிறகுதான் அடுத்த கூவல்.

அந்த ஊர்ச் சனங்களுக்குக் கூவல் கிளியை முடுக்கி விரட்ட மட்டும் அல்ல. பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போகிறவர்களை வழியனுப்பவும் அதுதான். இருப்பவர் மேட்டில் நின்று கூவுவார். போகிறவர் கடைசி வளைவு திரும்புவதற்குள் பதில் கூவ வேண்டும். பதில் வராவிட்டால் அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது.

பதில் வந்தும் மணிமொழிக்குச் சோறு இறங்காத நாள் ஒன்று உண்டு. பொங்கல் கழிந்ததும் குடகுக்கு மிளகு பறிக்க ஆள் ஏற்றும் வேன் வருகிற நாள் அது. அவள் புருஷன் ராஜதுரை அதில் போனால் சித்திரையில்தான் திரும்புவான். போன முறை ஏணியிலிருந்து விழுந்து, தோள்பட்டை விலகி, இடது கையைத் தூளி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். இன்னமும் அந்தக் கையால் சட்டை மாட்ட வராது. வருகிறது என்று சொல்லிக்கொள்வான், அவ்வளவுதான்.

"இந்த வாட்டி வேன் ஏறாத மாமா."

"ஏறாம? சாமைய வித்த துட்டுல வருசம் பூரா குந்திக்கினு துன்ன முடியுமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் அவள் செல்போனுக்குள் இருக்கிறது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

எல்லாம் தங்கச்சியால் வந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் சங்கவி, "உன் கூவலக் கேட்டு எவ்ளோ நாளாச்சிக்கா" என்று போனில் மூக்கை உறிஞ்சினாள். பரண் மேல்தான் டவர் கிடைக்கும். மணிமொழி அங்கே போனைச் சாய்த்து வைத்து ஒரு காலைப்பொழுதை அப்படியே பிடித்து அனுப்பினாள். மூடுபனி, காற்று, கிளி, கூவல், திரும்பி வரும் கூவல். பேச்சு ஒரு வார்த்தை கிடையாது. சங்கவி ஒரு சேனல் திறந்து அதை ஏற்றினாள், எப்படி ஏற்றுவது என்று அக்காவுக்கும் சொல்லிக்கொடுத்தாள். பிறகு மழையில் ஒன்று, வெயிலில் ஒன்று என்று மணிமொழி போட்டுக்கொண்டே இருந்தாள். யார் பார்க்கிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தெரியவும் தெரியாது.

போனில் சார்ஜ் ஏறவில்லை என்று ஒரு நாள் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுபாஷ், சரிசெய்த போனைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

"அக்கா, இந்தச் சேனல் யாருது?"

"என்துதான். ஏன், எதுனா தப்பாயிடுச்சா?"

"இத்தினி பேரு பாத்துக்கினு கிறாங்களே!"

அவன் காட்டிய எண்ணை அவளுக்குப் படிக்க வரவில்லை. "வெள்ளிமலைச் சந்தைக்கு வர்ற கூட்டம் இருக்குமா?" என்று கேட்டாள்.

"சந்தையா? இந்தக் கள்ளக்குறிச்சி ஜனம் மொத்தமும் வந்து உங்க பரணச் சுத்தி நின்னாலும் இத்தினி பேரு ஆவாதுக்கா."

மணிமொழி கடை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பஸ்கள், ஷேர் ஆட்டோக்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், பூக்காரிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். இத்தனை பேரும், இதற்கு மேலும், தன் சாமைக் கொல்லையில் வந்து நிற்பதாக நினைத்துப் பார்த்தாள். முதலில் தோன்றியது, கதிரை மிதித்துவிடுவார்களே என்பதுதான்.

வீடியோவுக்குக் கீழே பார்த்தவர்கள் எழுதியிருந்ததை சுபாஷ் படித்துக் காட்டினான். ஒரு லாரி டிரைவர் ராஜஸ்தான் ரோட்டில் இதைக் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறார். சேலத்தில் ஒரு கைக்குழந்தை இதைப் போட்டால்தான் தூங்குகிறதாம். குவைத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் எழில்மதி, 'டூட்டி முடிச்சு வந்து உங்க குரலைப் போட்டுட்டுத்தான் படுக்கிறேன், எங்க ஊர் திருநாவலூர்' என்று எழுதியிருந்தாள். கிளியை விரட்டும் குரலுக்குக் குழந்தை தூங்குகிறது என்றால் யார்தான் நம்புவார்கள்?

"இதுல காசு வரும்க்கா" என்றான் சுபாஷ். யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டே விவரம் சொன்னான். "வீடியோவுல வெளம்பரம் ஓடுனா அதுல ஒரு பங்கு உங்களுக்கு. அதுக்கு மனு போட்டு, அவங்க பாத்து ஒத்துக்கினு, பேங்குல வந்து சேர நாளாவும். கம்பெனிக்காரன் தேடி வந்து, எங்க பொருளக் கையில வச்சிக்கினு ரெண்டு வார்த்த பேசுங்கம்பான், அதுக்குக் காசு. மாசாமாசம் சந்தா கட்டுறவங்களும் உண்டு. சொந்தமா எதுனா விக்கலாம். சீக்கிரமா வேணும்னா லைவ்ல வாங்க. பாக்கறவங்க பூ அனுப்புவாங்க. பூன்னா நெஜப் பூ இல்ல, படம். ஆனா ஒவ்வொண்ணுக்கும் காசு."

"அவங்க ஏன் எனக்குத் தரணும்?"

"புடிச்சிருக்குன்னுதான்."

"கிளி முடுக்கறதுக்கா?"

சுபாஷுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவன் சொன்னதில் ஒரு வார்த்தையை அவள் மடியில் முடிந்துகொண்டு போனாள். சீக்கிரமா. வேன் வருவதற்குள் என்று அவள் அதைத் தனக்குள் மாற்றிக்கொண்டாள்.

அறுப்பு முடிந்து, கிளிகளும் வேறு கொல்லை தேடிப் போன பிறகு, மணிமொழி பரண் மேல் உட்கார்ந்து லைவில் வந்தாள். கூவினாள். திரையில் ஒரு பூ மிதந்து ஏறியது. பிறகு இன்னொன்று. பிறகு மழை பிடித்ததுபோல் பூவாகக் கொட்டியது. அவள் கூவலை மறந்துவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. தப்பு என்று சுபாஷ் சொல்கிறான்.

மலையில் ஒரு வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வந்தால் அந்தக் கிண்ணம் வெறுமையாகத் திரும்பாது. ஒன்றும் இல்லாவிட்டால் நாலு பச்சைமிளகாயாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அப்படி வளர்ந்தவளுக்கு முகம் தெரியாதவர்கள் பூவாகக் கொட்டினால் கை சும்மா இருக்குமா? "பூ தந்தவங்க எல்லாரும் வூட்டு அட்ரஸ் அனுப்புங்க" என்று லைவிலேயே தன் நம்பரைச் சொல்லிவிட்டாள். பழைய புடவையைக் கிழித்துப் பை தைத்து, சாமையைக் குத்திப் புடைத்து, ஒவ்வொரு பையிலும் இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டு, வெள்ளிமலைத் தபாலாபீசுக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோனாள். அங்கிருந்த இசைவாணி, "ஏங்கா, ஊரு ஒலகத்துக்கெல்லாம் கல்யாண வரிசையா வெக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே முத்திரை குத்தினாள். குவைத்துக்குப் பை போகாது என்பதால் எழில்மதியின் பங்கு திருநாவலூரில் இருக்கும் அவள் அம்மாவுக்குப் போனது.

விஷயம் தெரிந்ததும் சுபாஷ் போனில் அலறினான். "அக்கா! பூவுல வர்றதவிட பார்சலுக்குப் போறது ஜாஸ்தி! அதத் திருப்பித் தரத் தேவையில்லக்கா!"

"யாரு சொன்னது?"

"கம்பெனியே சொல்லுது!"

"அவங்க வூட்டுக் கிண்ணத்த அவங்க எப்புடினா திருப்பட்டும். எங்க வூட்ல இதான் வழக்கம்."

ராஜதுரை அலறவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த சாமை மூட்டை பாதியாக இறங்கியிருந்ததை ஒரு நாள் பார்த்தான். பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"உன் போனு என்ன வேன்ல ஏத்தாம தடுக்கும்னு பாத்தேன் மணி. மொத ஆளா ஏத்தி வுட்டுடும் போலகீது."

அவள் அழுதுவிட்டாள். அவனும் அப்படி ஓர் ஆசையை உள்ளே வைத்திருந்தான் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பரண் ஏறி லைவைத் திறந்தாள். "இனிமே யாரும் பூ அனுப்பாதீங்க. திருப்பிக் குடுக்க எங்கிட்ட சாமை இல்லீங்க. மன்னிச்சிக்கோங்க" என்று கும்பிட்டுவிட்டு அணைத்தாள். காசு வேண்டாம் என்று கும்பிட்ட ஒரு சேனல்காரியை உலகம் அதற்குமுன் பார்த்திருக்குமா தெரியாது. சுபாஷ் அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுப் போனானாம்.

அதற்கு அடுத்த வாரம், மத்தியான பஸ்ஸில் ஓர் அம்மாள் வந்து இறங்கினார். கூலிவேலைக்குப் போய்க் காய்ந்த கை, எண்ணெய் தேய்த்து வாரிய தலை. வழி கேட்டுக் கேட்டு, மூச்சு வாங்க வாசலில் வந்து நின்று, மணிமொழியின் பழைய புடவைத் துணியில் தைத்த பையை நீட்டினார். பை நிறைய உளுந்து.

"எம் பேரு இருசம்மாளுங்க. திருநாவலூரு. எழிலு அம்மா. பைய வெறுமனா திருப்பலாமா? அதான் நானே எடுத்துக்கினு வந்தேன்."

மணிமொழி இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டாள். ராஜதுரை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். மலைக்குக் கீழேயும் அதே வழக்கம் இருக்கும் என்று இருவரும் நினைத்திருக்கவில்லை. இவர்கள் எதிர்பாராமலேயே கை நீட்டியிருக்க, அங்கிருந்து ஒருவர் மூன்று பஸ் மாறி வந்து அந்தக் கையைப் பிடித்துவிட்டார்.

"ஒரே ஒரு வாட்டி கூவிக் காட்டுமா. எம் பொண்ணு எதக் கேட்டுத் தூங்கறான்னு நானும் கேக்கணும்" என்றார் இருசம்மாள்.

மூவரும் பரண் இருந்த மேட்டுக்கு ஏறினார்கள். மணிமொழி கூவினாள். குரல் எதிர்மேட்டைத் தொட்டுத் திரும்பி வரும்வரை இருசம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வந்ததும் இரண்டு கையாலும் மார்பைப் பிடித்துக்கொண்டார். "எங் கொழந்த அங்க தனியா இல்ல" என்றார். அதையே இன்னொரு முறையும் சொன்னார். ராஜதுரை தன் பெண்சாதியை, இத்தனை வருசம் ஒரே பாயில் படுத்தவளை, புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருசம்மாள் போகும்போது ஒன்று கேட்டார். "பூவுக்கு வேணாம், வெலைக்கு சாமை தருவியா? எங்க தெருவுல நாலு பேரு கேக்கறாங்க."

அதையேதான் போனிலும் எல்லாரும் கேட்டிருந்தார்கள். கும்பிட்ட அந்த லைவுக்குக் கீழே விலை என்ன, விலை என்ன என்று வரிசையாக நின்றது. மணிமொழி அதைத் திறந்து பார்க்கவே பயந்துகொண்டிருந்தாள். சுபாஷைக் கூப்பிட்டாள். "வெலைக்குன்னா எங்க ஊரு பூராவும் மூட்டை கெடக்குது தம்பி. எப்புடி விக்கறது, சொல்லு." அவன் அந்தப் பக்கம் துள்ளிக் குதித்தது இந்தப் பக்கம் கேட்டது. சந்தையில் வியாபாரியிடம் அடிமாட்டு விலைக்குப் போய்க்கொண்டிருந்த சாமை, வீட்டுக்கு வீடு மணிமொழியின் முற்றத்துக்கு வர ஆரம்பித்தது. விளம்பரப் பங்கும் முதல்முறையாக பேங்கில் வந்து விழுந்தது. கொஞ்சம்தான். ஆனாலும் விழுந்தது.

குடகுக்குப் போகாமல் இருக்க இதெல்லாம் போதும் என்று ராஜதுரை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டு, போகிறேன் என்று சொல்லிவிட்டால்?

பொங்கல் கழிந்தது. வேன் வந்த காலையில் ராஜதுரை குடகுக்கு எடுத்துப்போகும் பையையும் கம்பளியையும் தோளில் போட்டுக்கொண்டான், வலது தோளில். "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரோட்டுப் பக்கம் இறங்கினான்.

மணிமொழி மேட்டுக்கு ஏறினாள். கீழே வேன் ஆட்களை அள்ளிக்கொண்டு கிளம்பியது. அவள் கூவினாள். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் கேட்ட குரல், அன்றைக்கு ஒரே ஒரு காதுக்காகப் போனது. வேனிலிருந்து பதில் வந்தது. பக்கத்து வீட்டுக் கரியனின் பெண்சாதி குரல், ராணியம்மாள் குரல், இன்னும் இரண்டு மூன்று பேர். ராஜதுரை குரல் இல்லை. வேன் கடைசி வளைவை நெருங்கியது. இன்னொரு முறை கூவினாள். வளைவு வேனை மறைத்துவிட்டது.

அப்போது பதில் வந்தது. அந்தப் பக்கமிருந்து அல்ல, அவள் நின்ற மேட்டுக்கு அடியிலிருந்து.

ராஜதுரை தபாலாபீஸ் பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தான். தோளில் பையும் இல்லை, கம்பளியும் இல்லை. கையில், சாமைப் பார்சலில் ஒட்ட இசைவாணி கொடுத்த புது அட்ரஸ் சீட்டுக் கட்டு.

"கம்பளி எங்க மாமா?"

"கரியன் கேட்டான், குடுத்துட்டேன். குடகுல குளுரும்" என்றான். மேலே வந்து சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டான். "இன்னாத்துக்கு அழுவற? எறங்கு, சாமை பொடைக்கணும்."