ஐந்து தோளுக்கு ஒரு பொன்னாடை

வந்திருந்தவர்கள்: சனசமூக நிலையத்தின் தலைவர், காசுப் பொறுப்பிலிருந்த தனாதிகாரி, அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகத்தில் இருந்த பிரதம விருந்தினர், ஓய்வுபெற்ற தபாலதிபர், மதில் வீட்டுக்காரர் குடும்பம் குடும்பமாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாற்பது ஐம்பது பேர், பிலிம் இல்லாத கமராவோடு ஒரு படக்காரர். வராதவர்கள்: வெள்ளவாய்க்கால் வெட்டிய இருபத்திரண்டு பேரில் இருபத்தொரு பேர். வந்த அந்த ஒருவர் என் தகப்பன், என் அப்பு.

கொக்குவிலில் ரயில் பாதையின் இரு பக்கமும் எங்கள் வட்டாரம். ரயில் நின்று இரண்டு வருசமாகியிருந்தது. தண்டவாளத்தையும் சிலிப்பர்க் கட்டைகளையும் சண்டைக்குப் பங்கர் கட்டவென்று கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மண் அணை மட்டும் கிடந்தது. அணைக்குக் கிழக்கே மதில் கட்டிய வீட்டு வளவுகள். மேற்கே நாங்கள் குடியிருந்த ஒடுங்கிய ஒழுங்கை, அதற்கப்பால் வயல். மாரியில் மதில் வளவுகளுக்குள் நிற்கிற தண்ணீர் போவதற்கு ஒரே வழிதான்: அணைக்குக் கீழே இருந்த மதகுக்குள்ளால் வந்து, எங்கள் ஒழுங்கை ஓரத்து வாய்க்காலில் இறங்கி, வயலுக்குப் போகவேண்டும். வாய்க்கால் தூர்ந்தால் அவர்களுடைய கிணறுகளுக்குள் ஊத்தைத் தண்ணீர் இறங்கும். எங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. இருந்தும் வருசா வருசம் ஐப்பசி பிறக்க முன்னம் மண்வெட்டியோடு இறங்கியது எங்கள் ஆட்கள்தான். மற்ற நாட்களில் அவர்களின் தோட்டங்களில்தானே கூலிக்குக் கொத்தினார்கள், கேட்டால் எப்படி மாட்டோம் என்பது? கூலி இல்லாத இந்த வேலைக்குச் சிரமதானம் என்று பெயர். மதில் வீடுகளிலிருந்து வெறுந்தேத்தண்ணி வரும், ஆளுக்கு ஒரு கடி பனங்கட்டியோடு.

வருசத்தில் ஒருநாள் வட்டார விழா. வட்டாரத்தின் முன்னேற்றத்தையும் தொண்டர்களையும் கொண்டாடுகிறோம் என்று அழைப்பிதழில் போடுவோம். அந்த வருசத்து முன்னேற்றம் என்னவென்றால், வாசிகசாலையில் இருந்து வாசிக்க ஒரு புது வாங்கு, பொதுக்கிணற்றுக்கு ஒரு கப்பி, தலைவரின் வீட்டுப் படலை வரைக்கும் ரோட்டில் கொட்டிய கிறவல். தொண்டர் என்றால் ஒரு வருசம் தலைவரின் மச்சான், மற்ற வருசம் தனாதிகாரியின் மாமனார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். உயர்தரம் வரை படித்தவன், கையெழுத்தும் வடிவு என்று என்னை உதவிச் செயலாளராகப் போட்டிருந்தார்கள். ஆண்டறிக்கை எழுதுவதும் கதிரை அடுக்குவதும் உதவிச் செயலாளரின் வேலை. நான் அதைப் பெரிய மரியாதை என்று நம்பினேன்.

நம்பியபடியால்தான் நிர்வாகசபைக் கூட்டத்தில் எழும்பி, இந்த முறை வாய்க்கால் வெட்டின ஆட்களைக் கௌரவிக்கவேண்டும் என்றேன்.

"எல்லாரையுமோ?" என்றார் தலைவர். "மேடை தாங்காது தம்பி."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், "சரி, ஒருத்தரைப் போடுவம். பிரதிநிதியா. கொப்பரையே போடன்" என்றார்.

எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. பட்டியலில் ஐந்தாவதாக, கடைசியாக, அப்புவின் பெயரை எழுதினேன். அதற்கு முன்னால் 'திரு' என்று போட்டேன். அந்தப் பெயருக்கு முன்னால் யாரும் அப்படிப் போட்டதை நான் அதுவரை கண்டதில்லை.

ஒழுங்கையில் சொன்னபோது ஒருவருக்கும் பிடிக்கவில்லை. சித்தப்பா மண்வெட்டிப் பிடிக்குச் சிராய் சீவிக்கொண்டிருந்தார். "ஏன் அண்ணை, உனக்குப் போர்த்தினா எங்களுக்குக் குளிர் விடுமே?" என்றார். மற்றவர்களும் வரமாட்டோம் என்றார்கள். அப்பு மட்டும் அசையவில்லை.

"நான் போகத்தான் போறன். வெட்டினது நாங்கள் எண்டு அவையள் தங்கடை வாயாலை சொல்லவேணும். நான் அதைக் காதாலை கேட்கவேணும். எனக்கு வேறையொண்டும் வேண்டாம்."

இனிப் பொன்னாடையைப் பற்றிச் சொல்லவேண்டும். நிலையத்துக்கு இருந்தது ஒன்றே ஒன்று. சண்டையில் பாதை பூட்ட முன்னம் கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்தது. சிவப்பு, சரிகைக் கரை. தனாதிகாரி வீட்டுச் சூட்கேசில் பூச்சி உருண்டையோடு இருக்கும். விழாவில் ஒருவருக்குப் போர்த்துவார்கள், அவர் கும்பிட்டுவிட்டு மேடையின் வலது பக்கத்தால் திரைக்குப் பின்னே போவார், அங்கே தனாதிகாரி கழற்றி மடித்து இடது பக்கத்தால் தாம்பாளத்தில் அனுப்புவார், அடுத்தவருக்குப் போர்த்துவார்கள். மதில் வீட்டார் எல்லாருக்கும் இது தெரியும். எல்லாரும் ஒருமுறையாவது போர்த்திக் கழற்றினவர்கள்தானே.

"கொப்பருக்குச் சொல்லிப்போடு தம்பி" என்றார் தனாதிகாரி. நான் ஓம் என்றேன்.

சொல்வதற்கென்றுதான் வீட்டுக்குப் போனேன். அம்மா பெட்டியின் அடியைத் துடைத்துப் பழைய வேட்டியொன்றை விரித்து, பொன்னாடை வைக்க இடம் செய்துகொண்டிருந்தா. அப்பு சவரம் செய்த முகத்தோடு, அதைப் போர்த்திக்கொண்டு வெள்ளிக்கிழமை சன்னதிக் கோயிலுக்குப் போவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். தொண்டைமானாறு வரைக்கும் சைக்கிளில், முன்பாரில் அம்மா. நான் முகம் கழுவிச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

மின்சாரம் இல்லாதபடியால் விழா பின்னேரம் மூன்று மணிக்கே தொடங்கிவிட்டது. ஒலிபெருக்கி உழவு இயந்திரத்தின் பற்றரியில் கரகரத்தது. தலைவர் முக்கால் மணித்தியாலம் பேசினார். "எமது அயராத முயற்சியினால் வெள்ளவாய்க்கால் சீர்செய்யப்பட்டது" என்றார். எமது என்றால் யாருடையது என்று அவர் சொல்லவில்லை. அப்பு பின்வாங்கின் நுனியில் இருந்து அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. கௌரவிப்புப் பட்டியலை வாசிக்க ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றபோது, கடைசியில் இருந்த பெயரை முதலாவதாக வாசித்தேன். "ஆறு வருசமாக எங்கள் வாய்க்காலை வெட்டிவரும் திரு…" என்று நானே இரண்டு சொல்லைச் சேர்த்தும் விட்டேன். தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். அதற்குள் அப்பு மேடையில். பிரதம விருந்தினர் போர்த்தினார். படக்காரர் வெறுங் கமராவைத் தூக்கிச் சொடுக்கினார்.

அப்பு கும்பிட்டார். பிறகு, ஏறி வந்த முன்படியாலேயே இறங்கினார். கதிரைகளுக்கு நடுவால், சிவப்புச் சரிகை மினுங்க, ஒருவரையும் பார்க்காமல் நடந்து, படலையைத் தாண்டி, ரயில் அணையில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டார்.

திரைக்குப் பின்னால் தனாதிகாரி இரண்டு கையையும் நீட்டியபடி நின்றதை நான் நின்ற இடத்திலிருந்து கண்டேன். அடுத்தது தபாலதிபர். அவர் மேடையில் வந்து கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். தாம்பாளம் வெறுமையாக வந்தது. கடைசியில் தலைவர் தன் தோளில் கிடந்த சால்வையை உருவித் தபாலதிபருக்குப் போர்த்தினார். வியர்வையில் நனைந்த அந்தச் சால்வைதான் அவரோடு சேர்த்து மிச்ச நாலு பேரின் தோளுக்கும் போய் வந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதை மறைக்க மாட்டேன்.

அடுத்தநாள் விடியத் தலைவரும் தனாதிகாரியும் சைக்கிளில் வந்தார்கள். உள்ளே வரவில்லை, படலைக்கு வெளியே நின்றார்கள். எங்கள் வீட்டுக்குள் அவர்கள் ஒருநாளும் வந்ததில்லை.

"எடேய், அது நிலையத்தின்ரை சொத்து. எடுத்துக்கொண்டு வா" என்றார் தலைவர்.

"நான் கேட்டு வாங்கேல்லை ஐயா. நீங்கள் கூப்பிட்டுப் போர்த்தினியள்."

"போர்த்தினா? பிறகு கழற்றித் தாறதுதானே முறை?"

"குடுத்ததைத் திருப்பிப் பறிக்கிறது எந்த ஊர் முறை ஐயா?"

"என்ன பேய்க்கதை கதைக்கிறாய்? உன்ரை மோனைக் கேள். அவனுக்குச் சொல்லித்தானே விட்டது."

அப்பு திரும்பினார். "உனக்குத் தெரியுமோடா?"

ஓம் என்றேன்.

அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "படிச்சவன் எண்டுதானே உன்னை நம்பி ஏறினனான்" என்றார். அதற்குப் பிறகு பல மாதங்களாக என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. உள்ளே போய்ப் பொன்னாடையை எடுத்துவந்து படலைக் கம்பில் போட்டார்.

"கொண்டுபோங்கோ. இனி வாய்க்காலுக்கு என்னைக் கூப்பிடாதையுங்கோ."

"நீ இல்லாட்டி ஆளில்லையே?"

"இருக்கினம். கூப்பிட்டுப் பாருங்கோ."

வாசிகசாலைச் சாவியை என்னிடமிருந்து அன்றே வாங்கிவிட்டார்கள். 'உவன் வேணுமெண்டு செய்தவன்' என்று வட்டாரமெல்லாம் சொன்னார்கள். பாதி உண்மை.

அடுத்த புரட்டாசியில் வழக்கம்போலச் சிரமதான அறிவித்தல் ஒட்டினார்கள். எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒருவரும் போகவில்லை. மதில் வீடுகளில் மண்வெட்டி பிடிக்கிற வயதுப் பெடியள் எல்லாம் கனடாவிலும் லண்டனிலும். தலைவரும் தனாதிகாரியும் இன்னும் நாலைந்து பேரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். சித்தப்பா வாய்க்கால் கரையில் குந்தியிருந்து பார்த்தார்.

"ஐயா, வெட்டுறியளோ, மண்ணைத் தடவிக் குடுக்கிறியளோ?"

அரை மணித்தியாலத்தில் கணுக்காலளவு கிண்டிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்துத் தனாதிகாரி தனியே வந்தார். நாட்கூலி தரலாம், கதைத்துப் பேசலாம் என்றார்.

"காசுக்கு வெட்டினா அது சிரமதானமே?" என்றார் சித்தப்பா. "ஆளுக்கொரு பொன்னாடை போர்த்துங்கோ. இருபத்திரண்டு. உடனை வாறம்."

முதல் மழையிலேயே மதில் வளவுகளுக்குள் முழங்காலளவு தண்ணீர். தபாலதிபரின் கிணற்றில் தவளை மிதந்தது. அணைக்கு இந்தப் பக்கம் எங்கள் கிணறுகளில் நல்ல தண்ணீர் இருந்தது. மதில் வீட்டார் ஒருவரும் வாளியோடு வரவில்லை. ஒரு மைலுக்கு அப்பால் கோயில் கிணற்றுக்குச் சைக்கிளில் தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் அணையால் போவதை நான் தினமும் பார்த்தேன். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு கோப்பாயிலிருந்து உழவு இயந்திரத்தில் இருபது கூலியாட்களை இறக்கினார்கள். நாலு நாள் வேலை. அப்பு வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பாமலே கதைத்தார்:

"கரையைச் சரிச்சு வெட்டச் சொல்லு. உப்பிடி நட்டுக்குத்தா வெட்டினா இடிஞ்சு விழும்."

என்னோடு அவர் மறுபடி கதைத்த முதற் கதை அது. ஓடிப்போய்ச் சொன்னேன். கூலியாட்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "வெட்டுறதுக்குத்தான் தம்பி காசு. இடியாமல் நிக்கிறதுக்கு இல்லை."

பத்தாம் நாள் மழையில் இரண்டு கரையும் இடிந்து வாய்க்காலுக்குள் விழுந்தது. கோப்பாய் ஆட்கள் இரண்டாம் முறையும் வந்தார்கள்.

அந்த வருசத்து விழாவுக்கு எங்களுக்கு அழைப்பில்லை. அப்பு சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் நிலையத்து மதிலுக்கு வெளியே நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். புது உதவிச் செயலாளர் ஆண்டறிக்கை வாசிப்பது ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. வாசிகசாலை, கிணறு, கிறவல். அதற்குப் பிறகு: "சிரமதானப் பணிகள். வெள்ளவாய்க்கால் இரண்டு தடவை வெட்டுவித்த கூலி, உழவு இயந்திர வாடகை, மண்ணெண்ணெய், ஆட்களின் சாப்பாடு உட்பட…"

அந்த நேரம் பார்த்து ஒரு லொறி புகையைக் கக்கிக்கொண்டு போனது. அப்புவுக்கு மிச்சம் கேட்கவில்லை.

"எவ்வளவெண்டவன்?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். இருபத்தொன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபா.