வல்லை வெளிக்கு அப்பால் மூன்றாவது குழல்

1993 ஆடி மாதச் சனிக்கிழமை ஒன்றில் நானும் பள்ளி ஆசிரியரான என் கணவரும் மருதனார்மடத்திலிருந்து வல்வெட்டித்துறைக்குச் சைக்கிளில் போனோம். கோயிலுக்கன்று, கலியாணத்துக்குமன்று, பதினெட்டு ஆண்டுகளாக வீட்டுக்குள் இழுபட்ட ஒரு வழக்கைத் தீர்த்துக்கொள்ள.

ஆறு பேர் சேர்ந்து வாசித்த, அதிகம் பேர் அறியாத ஜாஸ் இசைத்தட்டு ஒன்று என்னிடம் இருந்தது. அதிலுள்ள மெதுவான உருப்படி ஒன்றின் நடுவில் மூன்று குழல்கள் சேர்ந்து போகின்றன என்பது என் கட்சி. ட்ரம்பெட்டும் சாக்சபோனும் மட்டுமே, மூன்றாவது என் கற்பனை என்பது அவருடைய கட்சி. தீர்ப்பு வருமுன் அவர் அந்தத் தட்டின்மேல் உட்கார்ந்து அதை உடைத்துவிட்டார். தற்செயல் என்றார்.

அதே தட்டை ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தவர் வல்வெட்டித்துறையில் இருந்த ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர் ஒருவர். விடயம் தெரிந்த மறுவாரமே புறப்பட்டோம்.

தூரம் ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோமீற்றர். காலை 6.10க்கு மிதிக்கத் தொடங்கினோம். அச்சுவேலியில் அவருடைய பின்ரயர் காற்றுப்போயிற்று. ஒட்டுப்போட ஐந்து ரூபாயும் இருபது நிமிடமும் ஆயின. வல்லை வெளியில் ஒதுங்குவதற்கு ஒரு மரமில்லை. யுத்தம் நடந்த அந்நாட்களில் குண்டுவீச்சு விமானம் வருகிறதா என்று வீதியோடு வானத்தையும் பார்த்துக்கொண்டே மிதிக்க வேண்டும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று முதுகைத் தள்ளியதால் 8.45க்கே போய்ச் சேர்ந்தோம்.

மின்சாரம் இல்லை; பொருளாதாரத் தடையால் பற்றரியும் கிடையாது. எஞ்சினியர் ஒரு சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, அதன் டைனமோவிலிருந்து ரேப் ரெக்கோடருக்கு வயர் இழுத்திருந்தார். ஒருவர் மிதித்தால்தான் மற்றவர் கேட்கலாம்.

"ஆர் ஏறுறது?" என்று கேட்டார்.

"வழக்கிலை தோக்கிற ஆள்," என்றேன்.

"அப்ப உம்மடை முறை," என்று சொல்லிக்கொண்டே என் கணவர் ஏறினார். ஏறிய வேகத்தில் ஆறு வித்துவான்களும் கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களாயினர்.

"மெல்ல, மாஸ்ரர்! உங்களை ஆரும் கலைக்கினமே?" என்றார் எஞ்சினியர்.

வேகம் சரிவந்ததும் எனக்குப் பழைய மகிழ்ச்சி முழுதாகத் திரும்பிற்று. ஆறே பேர், ஆனால் ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடித்தார், மூன்றாமவர் அதை மறுத்தார், ஒருவர் காலை ஒருவர் மிதிக்கவில்லை. அந்த இடமும் வந்து போனது. எவ்வளவு கூர்ந்து கேட்டும் மூன்றாவதைப் பிடிக்க முடியவில்லை.

"ரெண்டுதான். கேட்டீரே?" அவர் முகம் மலர்ந்திருந்தது.

"இன்னொருக்கா," என்றேன்.

எஞ்சினியர் நாடாவைப் பென்சிலால் சுற்றிப் பின்னுக்குக் கொண்டுவந்தார். இம்முறை இருபத்திரண்டு கிலோமீற்றரும் என் கணவரின் முழங்காலுக்கு வந்துவிட்டன. மிதி தளர்ந்தது, இசையும் தளர்ந்து தாழ்ந்தது. ஒட்டிக்கொண்டிருந்த குழல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. மேலே ட்ரம்பெட், அதன்கீழ் சாக்சபோன், இரண்டுக்கும் அடியில், ஈரமணலில் கால்வைப்பதுபோல ஒரு கிளாரினெட். எஞ்சினியர் மூன்று விரல்களை உயர்த்தினார்.

சைக்கிள் நின்றது. இசையும் நின்றது.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?" என்றேன்.

"மூண்டுதான்," என்றார் என் கணவர். பின்னர், "நீர் ஒருக்கா மிதியும். நான் இருந்து கேக்கவேணும்."

வென்றவள் நான், மிதித்தவளும் நான். மூன்று முறை மிதித்தேன்.

போக விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். இப்போது பஸ் உண்டு. சைக்கிள்தான் என்று பிடிவாதம் பிடித்தால், ஆடியில் போகும்போது காற்று உங்களுடையது, திரும்பும்போது உங்களுக்கு எதிரானது. தண்ணீர் கொண்டுபோங்கள். வல்லையை வெயில் ஏறுமுன் கடந்துவிடுங்கள். பழைய சிறுகுழு ஜாஸ் பதிவு எதுவும் கிடைத்தால் ஒருமுறை வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள். இன்றைய கைபேசியில் அதற்கு யாருடைய முழங்காலும் தேவையில்லை.

நாங்கள் திரும்புகையில் வல்லை வெளியில் சோளகம் முகத்திலேயே அடித்தது. எனக்கு முன்னால் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தவர் ஏதோ முணுமுணுத்தார். அருகே போய்க் கேட்டேன்: கிளாரினெட்டின் பகுதி. சுருதி சேரவேயில்லை. திருத்தாமல் பின்னால் போனேன்.