மூக்கைத் தூக்கிய காரும் மூன்று மூட்டை அரிசியும்

பந்தயக் காருக்கு ஸ்பிரிங் மாற்றுவது மாப்பிள்ளைக்கு வேட்டி கட்டிவிடுவது மாதிரி. ஒரு விரல் ஏறினால் ஊர் சிரிக்கும், ஒரு விரல் இறங்கினால் ஆள் தடுக்கி விழுவார். டெல்லியில் நாற்பது வருஷமாக இந்த வேட்டியைத்தான் கட்டிவிட்டுக்கொண்டிருக்கிறேன். காருக்கு அடியில் படுத்து முதுகைத் தேய்த்த என் இனத்தாரே, உங்களுக்கு இதெல்லாம் புரியும். மற்றவர்கள் பாதியை நம்பினால் போதும்.

ஒட்டகம்

துவாரகாவிலிருந்து என் பட்டறைக்கு ஒரு லாரியின் முதுகில் ஏறி வந்தது சௌந்தரின் கார். பதினைந்து வயதைத் தாண்டிய பெட்ரோல் கார். டெல்லி ரோட்டில் ஓட்டச் சட்டம் விடாது. பந்தயத் தடத்தில் நானூறு மீட்டர் நேராக ஓடலாம், அவ்வளவுதான். விமான நிலையத்தில் வேலை பார்க்கும் சௌந்தர், ஏதோ வீடியோவைப் பார்த்து முன்பக்க ஸ்பிரிங் இரண்டையும் தானே மாற்றியிருந்தார். கார் ஒட்டகம் மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு புறாக்கள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கத்தை வாடகைக்கு விடுவது பற்றிப் பேச்சு நடந்தது.

குனிந்து பார்த்தேன். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டையெல்லாம் முறுக்கிவிட்டிருந்தார். அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே இறுகிக்கொள்ளும். காரை இறக்கினாலும் நான் இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும். தளர்த்தி, காரைத் தரையில் நிறுத்தி, முன்னும் பின்னும் நாலு தடவை உருட்டி, அப்புறம் முறுக்கினேன். இரண்டு விரல் இறங்கியது. இன்னும் ஒரு விரல் பாக்கி. கூட வந்திருந்த அவர் மனைவி கல்பனா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை ரேஸ்ல இது ஜெயிக்கலைன்னா திங்கக்கிழமை காலைல கபாடிவாலா வந்து இரும்பு விலைக்கு எடுத்துட்டுப் போயிடுவான். சொல்லி வச்சாச்சு."

சமோசா

ஒரு விரல் இறக்க, இரண்டு ஸ்பிரிங்கிலும் அரைச் சுற்று வெட்ட வேண்டும். ஒரே வெட்டாக முழுச் சுற்றை வெட்டும் மகானுபாவர்கள் உண்டு. வெட்டினதை ஒட்டவைக்க பிரம்மாவாலும் ஆகாது. என் கூட்டாளி பல்பீர் அளவாகத்தான் வெட்டினார். ஆனால் வெட்டின துண்டு துள்ளி, கேட்டைத் தாண்டி, மெட்ரோ தூணில் மோதித் திரும்பி, எதிர்க்கடை சமோசாக் கடாயில் விழுந்தது. கடைக்காரர் பதறவே இல்லை. பொன்னிறமாகும்வரை காத்திருந்து ஜல்லிக்கரண்டியால் தூக்கிப் பிடித்துக் கேட்டார்:

"உஸ்தாத், இதுக்குப் பச்சைச் சட்னியா, புளிச் சட்னியா?"

மூன்று மூட்டை

உயரத்தை அளக்கும்போது ஓட்டுபவர் சீட்டில் இருக்க வேண்டும். அவர் கனத்துக்கும் ஸ்பிரிங் அமுங்கும் இல்லையா? சௌந்தருக்கு அன்றைக்கு டியூட்டி. போனில் எடையைக் கேட்டேன். "எழுபத்தஞ்சு அண்ணாச்சி, ஒரு கிராம் கூடாது" என்றார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து இருபத்தைந்து கிலோ இட்லி அரிசி மூட்டை மூன்று வாங்கிவந்து சீட்டில் அடுக்கி, பெல்ட் போட்டு, உச்சியில் ஹெல்மெட்டையும் கவிழ்த்தேன். அந்த வழியாகப் போன போலீஸ்காரர் அரிசியிடம் லைசென்ஸ் கேட்டுவிட்டுப் போனார். சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்தேன். இரண்டு பக்கமும் ஒரு நூல்கூட வித்தியாசமில்லை.

ஞாயிற்றுக்கிழமை, நொய்டா தாண்டி பந்தயத் தடம். சௌந்தர் ஏறி உட்கார்ந்தார். அவர் பக்கத்து மட்கார்டு அப்படியே டயர்மேல் உட்கார்ந்துவிட்டது. உருட்டினால் கர் கர் என்று உரசல். ஓட்டினால் டயர் கிழியும். ஆள் தொண்ணூற்றைந்துக்குக் குறையமாட்டார். கல்பனாதான் விளக்கினார்:

"அது பொண்ணு பாக்க வந்தப்ப சொன்ன எடை அண்ணாச்சி. அப்பவே பொய்."

ஐம்பதும் இருபத்தைந்தும்

ஸ்பிரிங்கில் கைவைக்க நேரமில்லை. அடுத்த ஓட்டமே நம்முடையது. சௌந்தரின் முகம் இரும்பு விலைக்கு இறங்கிவிட்டது. நான் கல்பனா பக்கம் திரும்பினேன்.

"உங்க எடை என்னம்மா?"

"அம்பது. நெஜ அம்பது."

அளந்த மூன்றில் இரண்டு வீட்டுக்குப் போக, லாரியில் ஒரு மூட்டை அரிசி மிச்சமிருந்தது. ஐம்பதும் இருபத்தைந்தும் எழுபத்தைந்து! மூட்டையை ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் கட்டினேன்.

"நானா? ரேஸா?"

"தினம் துவாரகாலேருந்து லோதி ரோடு ஆபீசுக்கு ஓட்டிட்டுப் போறீங்க. இது நேர் ரோடு. குறுக்கே மாடுகூட வராது."

"கல்பு, கிளட்ச்சை மெதுவா..." என்று சௌந்தர் ஆரம்பித்தார்.

"தெரியும். ஓரமா நில்லுங்க."

பச்சை விளக்கு எரிந்தது. மூக்கு அளவாக எழும்ப, பின்டயர்கள் தரையைக் கவ்விக்கொண்டன. கார் போய்ச் சேர்ந்து இரண்டு நிமிஷம் கழித்துத்தான் அதன் நிழல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. மூட்டை அவிழ்ந்து, பின்னால் வந்த போட்டியாளருக்கு வழியெல்லாம் அட்சதை.

சொன்ன சொல் தவறாத கபாடிவாலா, திங்கள் காலை பெரிய தராசோடு வந்துவிட்டார். ஒரு ஓட்டத்துக்குப் பின் உயரத்தைத் திரும்ப அளப்பது என் வழக்கம் என்பதால் நானும் அவர்கள் வீட்டு வாசலில் இருந்தேன். அவர் காரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்ததும், கல்பனா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு புருஷனைச் சுட்டிக்காட்டினார்:

"அண்ணே, காரை விடுங்க, அது இப்ப என்னோடது. ஜல்தியா இவரைத் தராசுல ஏத்தி எவ்வளவுன்னு சொல்லுங்க."

நாற்பது வருஷத்தில் நான் படித்த பாடம் இவ்வளவுதான்: போல்ட்டைத் தரையில் வைத்து முறுக்கு, ஸ்பிரிங்கை அரைச் சுற்றாக வெட்டு, வாடிக்கையாளரின் எடையை அவர் மனைவியிடம் கேள்.