இரண்டாம் வகுப்புக்குப் போன பிள்ளை

பள்ளியில் ஒரு வருடம் முழுக்க என்னோடு மட்டுமே பேசிய பிள்ளை ஒருத்தி, அடுத்த ஜூனில் இரண்டாம் வகுப்புக்குப் போனாள். அவளைப் புது டீச்சரிடம் பழக்கிவிட வேண்டியது என் பொறுப்பு. நான் அதைச் செய்யவில்லை. செய்யாமல் இருந்த அந்தப் பத்து நாட்களைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கொச்சியில், மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் நான். பள்ளி திறக்கும் நாளில் வாசலில் பலூன் கட்டுவோம். பிள்ளைகளுக்குக் காகிதக் கிரீடம் வைத்து, பாயசம் கொடுத்து உள்ளே கூட்டிப்போவோம். அந்தக் கொண்டாட்டம் அரைமணி நேரம்தான். அம்மாக்கள் குடையை விரித்துக்கொண்டு கேட்டைத் தாண்டியதும் ஒருத்தன் அழ ஆரம்பிப்பான், பத்துப் பேர் சேர்ந்துகொள்வார்கள். எந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது, எதன் கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் அழ மறந்துவிடும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. "ஒன்னாம் கிளாசில அழுகைய நிறுத்தணும்னா இந்த டீச்சர்தான்" என்று பேர் வாங்கியிருந்தேன். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பெருமை இருந்தது.

இந்தப் பிள்ளை முதல் நாள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்பா கார்ப்பரேஷனில் சுகாதாரத் தொழிலாளி. அம்மா காலையில் பஸ் பிடித்துக் கலூர் போய் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறவர். வீட்டில் தமிழ்தான். மலையாளம் புரியாததால் பேசவில்லை என்று நினைத்து நான் தமிழில் கேட்டேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. குனிந்து, நின்ற இடத்திலேயே உறைந்துபோய்விடுவாள். ஒன்றரை மாதம் இப்படியே போனது. ஒருநாள் மதியம், எண்ணிக்கை சொல்லிக்கொடுக்க வைத்திருந்த மஞ்சாடி விதைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இது ஒடஞ்சிருக்கு" என்றாள்.

அன்றுதான் புரிந்தது. அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்கக் கூடாது. பக்கத்தில் உட்கார வேண்டும், கைக்கு வேலை வேண்டும், கண் வேறெங்கோ இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பேச்சு தானாக வரும். இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பாத்ரூம் போக வேண்டுமென்றால் வாயால் கேட்க மாட்டாள். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை மற்றக் காலின் மேல் வைத்துக்கொண்டு நிற்பாள்.

எங்கள் வீட்டிலும் தமிழ்தான். என் மகன் காலேஜில் படிக்கிறான். நான் தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் சொல்வான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவன் கூட்டாளிகள் அப்படி. ஆனால் காலையில் பள்ளிக்குள் நுழைந்ததும் "டீச்சர், எங்க வீட்டுப் பூனை குட்டி போட்டிருச்சு" என்று தானாக ஓடிவந்து தமிழில் சொல்கிற ஒரே குரல் அவளுடையது. அது எனக்கு மட்டுமேயான குரல் என்று எப்போதோ நினைக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஜூனில் இரண்டாம் வகுப்புக்கு இடக்கொச்சியிலிருந்து ஒரு புது டீச்சர் வந்தாள். சின்ன வயது. மழைக்கோட்டு சொட்டச் சொட்ட ஸ்கூட்டரில் வந்து இறங்குவாள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. முதல் நாள் நம்ம பிள்ளை இரண்டாம் வகுப்புக்குள் போகாமல் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்திருக்க வேண்டும். இதே காரியத்தை மற்ற பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். அன்று, "சரி, கொஞ்ச நேரம் இங்க இரு" என்றேன். உள்ளுக்குள் இனித்தது.

எங்கள் பள்ளியில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. ஆள் உயரத்துக்கு ஒரு மரத்தட்டிதான். அந்தப் பக்கம் பேனா விழுந்தாலும் இந்தப் பக்கம் கேட்கும். போன வருடம் நான் வளர்த்துவிட்ட பிள்ளைகள் முதல் நாள் என்னைத் தேடித் தட்டி ஓரமாக எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் யாரும் பார்க்கவில்லை. புது டீச்சர் ஏதோ பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள், தவளை மாதிரி குதித்துக் காட்டினாள் போலிருக்கிறது, தட்டியே அதிர்கிற மாதிரி சிரித்தார்கள். நான் இந்தப் பக்கம் ஒருத்தனின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது என்று சொல்வார்களே, அது வெறும் சொல் இல்லை. நிஜமாகவே எரிந்தது.

ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு குரல் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த ஒன்றை வைத்துத்தான் நான் ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

நாலாம் நாள் சாயங்காலம் புது டீச்சர் என்னிடம் வந்தாள். "சேச்சி, ஆ குட்டி ஒந்நும் மிண்டுந்நில்லா. சேச்சியோடு மாத்ரமல்லே மிண்டூ? எந்தா செய்யேண்டது?" பிள்ளை வாயே திறப்பதில்லை, என்ன செய்வது என்று கேட்டாள்.

"டைம் எடுக்கும்" என்றேன்.

அவள் விடவில்லை. ஒரு நோட்டைத் திறந்து, நாலு தமிழ் வார்த்தை சொல்லுங்கள் சேச்சி என்று கேட்டாள். வா, உக்காரு, தண்ணி வேணுமா, பசிக்குதா. நான் சொல்லச் சொல்ல மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டாள். வார்த்தையில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். நேருக்கு நேர் உட்கார்ந்து கேள்வி கேட்டால் அந்தப் பிள்ளை இன்னும் இறுகிப்போகும் என்பதும் தெரியும். செருப்பு விஷயமும் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. மறுநாள் தட்டிக்கு அப்பால், "மோளே, பஷிக்குதா? பஷிக்குதா?" என்று அவள் கேட்டுக்கேட்டுப் பார்த்ததையும், பதில் வராததையும் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மதியச் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு பிள்ளை நேராக என்னிடம் வந்துவிடுவாள். "நான் இங்கயே இருக்கட்டா டீச்சர்?" "இரு." அவள் அம்மா ஒருநாள் கேட்டில் நின்று, "டீச்சரே, புது டீச்சர் எப்படி, கொள்ளாமா? எம்மவ வீட்ல ஒன்னுமே சொல்ல மாட்டேங்குது" என்று கேட்டார். "சின்னப் பொண்ணுதானே. இன்னும் பழகணும்" என்றேன். அதை எந்தக் குரலில் சொன்னேன் என்பது இப்போதும் காதில் இருக்கிறது.

இரண்டாம் வாரம் ஒருநாள் விடாத மழை. ஓட்டின் மேல் அடிக்கிற சத்தத்தில் பாடம் நடத்த முடியாமல் படம் வரையக் கொடுத்திருந்தேன். அந்தப் பக்கம் ஒரு சின்னச் சலசலப்பு. "டீச்சரே, நோக்கிக்கே, இவள்..." என்று ஒருவன் ஆரம்பித்தான். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எழுந்து ஓடினேன்.

பெஞ்சுக்குக் கீழே தரை நனைந்திருந்தது. பிள்ளையின் ஒரு காலில் செருப்பு இல்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ. நான் வாசலில் நிற்கும்போதே புது டீச்சர் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து, அந்த இடத்தில் முழுக்கக் கொட்டினாள். "அய்யோ, என்றெ கையீந்நு வெள்ளம் போயல்லோ! பாவம், இவளெ ஞான் நனச்சல்லோ!" என்று, கைதவறித் தண்ணீர் கொட்டிவிட்டதுபோலத் தலையில் அடித்துக்கொண்டாள். சிரிக்க ஆரம்பித்த பையன்கள் டீச்சரைப் பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. புது டீச்சர் மண்டியிட்டுத் தன் துப்பட்டாவால் தரையைத் துடைத்தாள்.

இத்தனை வருட அனுபவத்தில் அது எனக்குத் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்காது. அந்த இடத்தில், அந்த நிலைமையிலும், எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

சாமான் அறைக்குக் கூட்டிப்போய் உடை மாற்றிவிட்டேன். அலமாரியில் இதற்காகவே இரண்டு மூன்று பழைய பாவாடைகள் வைத்திருப்போம். குனிந்து நாடாவைக் கட்டும்போது பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "நீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் டீச்சர்."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். பக்கத்தில் ஒரு டீச்சர் இருக்க, தட்டிக்கு இந்தப் பக்கம் இருக்கிற என்னை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்படிப் பழக்கியது நான்.

அன்று சாயங்காலம் புது டீச்சரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் உட்காருவது, முகத்தைப் பார்க்காமல் இருப்பது, கைக்கு வேலை, செருப்பு. அவள் நோட்டைத் திறக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "இது ஆத்யமே பறயாமாயிருந்நல்லோ சேச்சி" என்றாள். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று.

"மறந்து போச்சு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நம்பியதாகத் தெரியவில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

மறுநாள் மதியம் பிள்ளை தட்டோடு வந்து நின்றபோது, "இங்க வேணாம்மா. ஒங்க டீச்சர்கூட உக்காந்து சாப்பிடு" என்றேன்.

"நீங்கதானே எங்க டீச்சர்?"

"போன வருசம்."

சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. அவள் தட்டோடு திரும்பிப் போனாள். அன்று நான் சாப்பிடவில்லை. நல்லது செய்துவிட்ட நிம்மதியெல்லாம் ஒன்றும் வரவில்லை. என் கையிலிருந்ததை நானே கொடுத்துவிட்ட ஆத்திரம்தான் இருந்தது.

அதன்பிறகு தினமும் மதியம் தட்டிக்கு அப்பால் பென்சில் சீவுகிற சத்தம் கேட்கும். இரண்டு பேர் சீவுகிற சத்தம். பேச்சு இல்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு நாளும் அவள் பேசிவிட வேண்டும் என்றும் நினைத்தேன், இன்றைக்கு வேண்டாம் என்றும் நினைத்தேன்.

ஓணம் லீவுக்கு முந்தின வாரம் அது நடந்தது. மெதுவாக ஒரு வார்த்தை வரும் என்று நான் காத்திருக்க, வந்தது ஒரு கத்தல். "டீச்சரே! இவன் என்றெ ரப்பர் எடுத்து! தரில்லா!" புது டீச்சர் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "சேச்சி, கேட்டோ?"

"கேட்டேன்" என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

மலையாளத்தில் பேசியிருக்கிறாள். என் மகன் போன பக்கமே இவளும் போய்விட்டாள். சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. அதற்கப்புறம் அவள் எல்லோரோடும் பேசினாள், சண்டை போட்டாள், ஆண்டுவிழாவில் குரூப் பாட்டில் முன்வரிசையில் நின்றாள். என்னைப் பார்த்தால் கையசைத்துவிட்டு ஓடிவிடுவாள். நிற்க நேரமில்லை.

அடுத்த ஜூனில் அவள் மூன்றாம் வகுப்புக்குப் போனாள். பள்ளி திறந்த அன்று என் வகுப்பில் வழக்கம்போல அழுகை. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று வராந்தாவில் நின்றிருந்தேன். புது டீச்சர், இப்போது அவ்வளவு புதிதில்லை, அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் வகுப்பு வாசலுக்குப் போனாள். அங்கிருந்த டீச்சரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். தன் காலைத் தூக்கி, செருப்பைக் கழற்றிக் காட்டினாள். அந்த டீச்சர் தலையாட்டினார். பிள்ளை உள்ளே போனாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பி வரும்போது அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. "சேச்சி, ஒரெண்ணத்தை இங்ஙோட்டு தா" என்று என் இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டு, பலூனைக் காட்டிப் பேச்சுக் கொடுத்தபடி நடந்தாள். எனக்குப் பத்து நாள் ஆனதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, அவ்வளவு லேசாக நடக்கிறாளே என்று, அன்றும் அவள் மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.